அனுபவச் சான்றிதழை இரவல் வாங்கலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக

வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் அவருடைய தம்பியும் 14 ஆண்டுகளாக ஒரு கட்டுமான நிறுவனம் நடத்துகிறார்கள். குடிநீர்க் குழாய் பதிப்பதும் நீரேற்று நிலையம் கட்டுவதும்தான் தொழில். உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களுக்கு இரண்டு முறை டெண்டர் போட்டுத் தோற்றிருக்கிறார்கள். முதல் முறை, டெண்டர்களைத் திறந்த அன்று இவர்கள் விலைதான் குறைவு. ஆனால் வங்கி உத்தரவாதத்தில் குறை என்று தள்ளிவிட்டார்கள். இரண்டாம் முறையும் விலை குறைவுதான். "தொழில்நுட்பப் புள்ளிகள் போதவில்லை" என்று வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

இப்போது மூன்றாவது வாய்ப்பு. கடைசித் தேதிக்கு 38 நாள் இருக்கிறது. குறிப்பிட்ட மதிப்புக்குக் குறையாத ஒரு ஒப்பந்தத்தையாவது இதே மாதிரி வேலையில் செய்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவர்கள் முடித்ததில் பெரியது அந்த மதிப்பில் 60 சதவீதம்தான் வருகிறது. தொழிலை விட்டு விலகிய நண்பர் ஒருவர், தான் செய்த பெரிய வேலையை இவர்கள் செய்ததாகச் சான்றிதழ் தரத் தயாராக இருக்கிறார். இன்னொருவர், "மதிப்பீட்டுக் குழுவில் நமக்கு ஆள் இருக்கிறார், 3 சதவீதம் கொடுத்தால் போதும்" என்கிறார். அண்ணனுக்கு இரண்டிலும் சபலம். தம்பி ஒரேயடியாக மறுக்கிறார். அதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் ஒரு வாரமாகிறது.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் படாத ஒரு வரி இரண்டாம் முறை பட்டது. மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, "கையில் ஒரு பெரிய வேலை இருக்கிறது. எங்கள் பங்கு மட்டுமே இந்த டெண்டர் கேட்கும் மதிப்பைவிடச் சற்று அதிகம். ஆனால் அது சப்-கான்ட்ராக்ட், 85 சதவீதம்தான் முடிந்திருக்கிறது, அதனால் கணக்கில் வராது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் சான்றிதழ்.

நண்பர் தரும் சான்றிதழ்

வாங்காதீர்கள். இதில் "ஒரு பக்கம் பார்த்தால், இன்னொரு பக்கம் பார்த்தால்" என்று எடை போட எதுவும் இல்லை.

"ஜெயித்தால்தானே பிரச்சினை, தோற்றால் யார் கேட்கப் போகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அது தவறான எண்ணம். உலக வங்கி விதிகளில் மோசடி என்பதற்கான விளக்கம் மிக அகலமானது. ஒரு பலனைப் பெறுவதற்காகத் தெரிந்தோ, அக்கறையின்றியோ தவறான தகவல் தந்து ஏமாற்றினாலும், ஏமாற்ற முயன்றாலும் மோசடிதான். வேலை கிடைத்ததா என்பது கேள்வியே அல்ல. தோற்ற நிறுவனங்கள் மீதும் நடவடிக்கை வரும்.

தண்டனை எவ்வளவு? வழக்கமாகத் தொடங்கும் புள்ளி 3 ஆண்டுத் தடை. மூன்று ஆண்டு கழிந்ததும் கதவு தானாகத் திறந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். நிறுவனத்துக்குள் நேர்மைக்கான நடைமுறைகளை ஏற்படுத்தி, அதை வங்கி ஏற்றுக்கொண்டால்தான் தடை நீங்கும். அதுவரை பெயர் இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். 2010 ஏப்ரலில் உலக வங்கிக் குழுமம், ஆசிய வளர்ச்சி வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, ஐரோப்பிய மறுசீரமைப்பு மற்றும் வளர்ச்சி வங்கி, அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி ஆகிய ஐந்தும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒருவர் ஓராண்டுக்கு மேல் தடை விதித்து அதைப் பகிரங்கமாக அறிவித்தால், மற்றவர்களும் அதை அமல்படுத்தலாம். ஒரு வீட்டில் திருடியதற்கு ஐந்து வீட்டிலும் கதவு சாத்தப்படும்.

மாட்டிக்கொள்வது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். மதிப்பீட்டுக் குழு ஒன்றுக்குச் சில காலம் சட்ட ஆலோசகராக இருந்தேன். அப்போது ஒரு சான்றிதழ் வந்தது. முத்திரை, கையெழுத்து, தாள் எல்லாம் கச்சிதம். குழுவில் இருந்த வயதான பொறியாளர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளின் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த அலுவலகத்துக்கு இந்தப் பெயர் வந்ததே சான்றிதழில் இருக்கும் தேதிக்கு இரண்டு வருஷம் கழித்துத்தானே?" என்றார். அவ்வளவுதான். பொய்யான ஆவணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வருகின்றன. யாரும் பெரிய துப்பறியும் வேலை செய்வதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். உங்களிடம் தோற்ற போட்டியாளர் எழுதும் ஒரு புகார்க் கடிதம் போதும். டெண்டரில் கையெழுத்திடும்போதே, உங்கள் கணக்குகளையும் ஆவணங்களையும் உலக வங்கி தணிக்கை செய்யலாம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அட்டவணைக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்து

இப்போது அந்த 85 சதவீத வேலைக்கு வருகிறேன்.

டெண்டர் ஆவணத்தின் மூன்றாம் பகுதியைத் திறங்கள். மதிப்பீடும் தகுதி நிபந்தனைகளும் அங்கேதான் இருக்கும். பலர் நேராக விலைப்பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பகுதியைக் கடைசி வாரத்தில் அலுவலக உதவியாளர் கையில் கொடுத்துப் படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். நானாக இருந்தால் முதல் இரண்டு நாளும் இந்தப் பகுதியை மட்டும்தான் படிப்பேன், அடிக்குறிப்புகளையும் சேர்த்து.

உலக வங்கியின் மாதிரி ஆவணத்தில் அனுபவ நிபந்தனை எப்படி இருக்கும் தெரியுமா? முதன்மை ஒப்பந்ததாரராகவோ, கூட்டு நிறுவனத்தின் (ஒரே டெண்டருக்காகச் சேரும் நிறுவனங்களின் கூட்டு) உறுப்பினராகவோ, துணை ஒப்பந்ததாரராகவோ செய்த வேலை என்றுதான் சொல்லியிருக்கும். சப்-கான்ட்ராக்ட் என்பதால் மட்டும் ஒரு வேலை விழுந்துவிடாது. உங்கள் பங்கின் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்து, வேலை "பெருமளவு முடிந்திருக்க வேண்டும்" என்றிருக்கும். அதற்கு அடிக்குறிப்பில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று விளக்கம் இருக்கும்.

உங்களுடையது 85. உங்கள் பங்கு அவர்கள் கேட்கும் மதிப்பைத் தாண்டுகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள், உடனே கொண்டாட வேண்டாம். நான் சொல்வது மாதிரி ஆவணத்தின் வாசகம். உங்கள் கையில் இருக்கும் ஆவணத்தில் அது மாற்றப்பட்டிருக்கலாம். இந்த வேலை எத்தனை ஆண்டுக்குள் நடந்திருக்க வேண்டும், எத்தனை கிலோமீட்டர் குழாய், எவ்வளவு கொள்ளளவு என்று முக்கிய வேலைகளுக்குத் தனி அளவும் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். "கேட்டால் நம் பலவீனம் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும்" என்று பயந்திருக்கிறீர்கள். கேள்வியையும் பதிலையும் எல்லோருக்கும் அனுப்புவார்கள், கேட்டவர் பெயரைச் சொல்லாமல். விளக்கம் கேட்கக் கடைசி நாள் தனியாக உண்டு, அது டெண்டர் கடைசி நாளுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். இன்றே அந்தத் தேதியைப் பாருங்கள்.

பிறகு ஆதாரம். வேலையின் உரிமையாளரிடமிருந்து, அதாவது முதன்மை ஒப்பந்ததாரருக்கு வேலையைக் கொடுத்த அமைப்பிடமிருந்து, உங்கள் பங்கு என்ன, இன்றைய தேதிக்கு எத்தனை சதவீதம் முடிந்தது என்று ஒரு கடிதம் வாங்குங்கள். முதன்மை ஒப்பந்ததாரர் மட்டும் தரும் கடிதத்துக்கு வலு குறைவு. சப்-கான்ட்ராக்ட் ஒப்பந்தப் பத்திரம், அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து பதியும் ஏடு) பக்கங்கள், வாங்கிய பில்கள் எல்லாவற்றையும் கூடவே வையுங்கள்.

அது செல்லாது என்றால்?

கூட்டு நிறுவனம் ஒரு வழி. ஆனால் அதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். "எங்களைப் போலவே இன்னொரு சிறிய நிறுவனத்தைச் சேர்த்தால் 60-ம் 50-ம் 110 ஆகிவிடும்" என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஒரே ஒப்பந்தத்துக்கான குறைந்தபட்ச மதிப்பு என்று கேட்கும் இடத்தில், உறுப்பினர்களின் ஒப்பந்த மதிப்புகளைக் கூட்டிக் காட்ட முடியாது. அந்த அளவுக்கு ஒரே வேலையைச் செய்த நிறுவனம் ஒன்று கூட்டில் இருந்தாக வேண்டும்.

ஆண்டு வருவாய்க் கணக்கு வேறு. அங்கே கூட்டிக்கொள்ளலாம். ஆனால் வழக்கமாக ஒவ்வொரு உறுப்பினரும் கேட்ட தொகையில் 25 சதவீதமும், யாராவது ஒருவர் 40 சதவீதமும் தனியாகக் காட்ட வேண்டியிருக்கும். சரியான எண் உங்கள் ஆவணத்தில் இருக்கும்.

கூட்டு சேருமுன் இன்னொன்று. கூட்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் முழு ஒப்பந்தத்துக்கும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. கூட்டாளி நடுவில் கைவிட்டால் மொத்த வேலையும் உங்கள் தலையில் விழும். "பெயரை மட்டும் கொடுக்கிறேன், 2 சதவீதம் கொடுத்துவிடு" என்று யாராவது வந்தால், காகிதத்தில் மட்டும் இருக்கும் அந்தக் கூட்டும் பொய்ச் சான்றிதழின் சித்தப்பா பிள்ளைதான். யார் எந்த வேலையைச் செய்வார், பணம் எப்படிப் பிரியும், சண்டை வந்தால் என்ன என்பதை டெண்டருக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டும் சரிவரவில்லையா, இந்த ஒன்றை விட்டுவிட்டு, போட்டியிடும் பெரிய நிறுவனத்திடம் துணை ஒப்பந்ததாரராகப் பேசுங்கள். டெண்டர் போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். ஒரு டெண்டர் தயாரிக்க உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் எத்தனை நாள் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் புரியும்.

3 சதவீதம் கேட்பவர்

மதிப்பீட்டுக் குழுவில் ஆள் இருப்பதாகச் சொல்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று, அப்படி யாரும் இல்லை, உங்களிடம் சொன்னதையே இன்னும் மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறார். ஜெயிப்பவரிடம் வசூல், தோற்றவரிடம் அனுதாபம். இரண்டு, உண்மையிலேயே ஆள் இருக்கிறார். இது இன்னும் மோசம். அது லஞ்சம், உங்கள் நாட்டுக் குற்றவியல் சட்டமும் சேர்ந்து வரும்.

நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தப்புள்ளிக் கடிதத்தில், இந்த டெண்டர் தொடர்பாக யாருக்குக் கமிஷன் கொடுத்தீர்கள் அல்லது கொடுக்கப் போகிறீர்கள், எவ்வளவு, எதற்காக என்று எழுத ஓர் இடம் இருக்கும். முறையான சேவைக்கு முகவர் வைப்பதில் தவறில்லை, அதை அங்கே எழுதலாம். இவரை அங்கே எழுத முடியுமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். எழுதாமல் விட்டால் அதுவே தனி மோசடி.

"உலக வங்கி அதிகாரிகளை நேரில் பார்த்தால் பயன் உண்டா" என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. வங்கி கடன் தருகிறது. வாங்குபவர் கடன் பெற்ற அரசின் அமைப்பு. டெண்டர் விடுவது, மதிப்பிடுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது எல்லாம் அவர்கள்தான். பெரிய ஒப்பந்தங்களில் வங்கி முன்கூட்டியே பார்த்து "ஆட்சேபணை இல்லை" என்று சொல்லும், சிறியவற்றைப் பிறகு சரிபார்க்கும். திறந்த நாளிலிருந்து முடிவை அறிவிக்கும்வரை மதிப்பீடு ரகசியம். அந்த நேரத்தில் யாரையும் "சும்மா பார்த்துவிட்டு" வருவது உங்கள் டெண்டருக்கே ஆபத்து.

நீங்கள் தோற்ற இரண்டு முறை

முதல் தோல்வியை "சதி" என்று எழுதியிருக்கிறீர்கள். இணைத்திருந்த வங்கி உத்தரவாதத்தின் நகலைப் பார்த்தேன். உங்கள் ஒப்பந்தப்புள்ளி எந்தத் தேதிவரை செல்லுமோ, அதே தேதியில் உத்தரவாதமும் முடிகிறது. ஆவணம் கேட்டது அதற்குமேல் 28 நாள். வங்கிக் கிளையில் வழக்கமான படிவத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், நீங்களும் வாங்கி உறையில் போட்டுவிட்டீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், உத்தரவாதம் சரியில்லாத ஒப்பந்தப்புள்ளியை ஏற்கக் குழுவுக்கு வழியில்லை. அதில் சதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வேறு கதை. "குறைந்த விலைக்குத்தான் வேலை" என்ற கணக்கு மாறிவிட்டது. 2023 செப்டம்பர் முதல், சர்வதேசப் போட்டிக்கு விடும் பெரும்பாலான கொள்முதல்களில் தரத்துக்கும் மதிப்பெண் தருவதை உலக வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. வேலை செய்யும் முறை, கால அட்டவணை, முக்கியப் பணியாளர்கள், சுற்றுச்சூழல், தொழிலாளர் பாதுகாப்பு என்று எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது ஆவணத்திலேயே இருக்கும். நீங்கள் அனுப்பிய செயல்முறை விளக்கத்தைப் படித்தேன். பதினோரு பக்கம், அதில் அந்தத் திட்டத்தின் ஊர்ப் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் அட்டையில். வேறு எந்த டெண்டருக்கும் அப்படியே எடுத்து வைக்கலாம். மதிப்பெண் போடுபவர் அதை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். இந்த முறை போய் இடத்தைப் பாருங்கள். குழாய் எந்தச் சாலையைக் கடக்கிறது, போக்குவரத்தை எப்படித் திருப்புவீர்கள், பழைய குழாயில் தண்ணீரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டியிருக்கும், தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள் என்று எழுதுங்கள். 14 ஆண்டாகச் செய்யும் வேலைதானே, உங்களுக்குத் தெரியாததா!

விலையை இன்னும் குறைக்கும் யோசனையை விடுங்கள். அளவுக்கு மீறிக் குறைந்திருந்தால், இந்த விலைக்கு எப்படி முடிப்பீர்கள் என்று எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். திருப்தி இல்லையென்றால் நிராகரிக்கலாம். விலைப்பட்டியலில் இன்னொரு கண்ணி: அலகு விலைக்கும் அதைப் பெருக்கிய தொகைக்கும் முரண் வந்தால் அலகு விலைதான் நிற்கும். எண்ணுக்கும் எழுத்துக்கும் முரண் வந்தால் எழுத்து நிற்கும். ஒரு இனத்துக்கு விலை போடாமல் விட்டால், மற்ற விலைகளில் அடங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு அதைச் சும்மா செய்ய வைப்பார்கள்.

புகார் கொடுத்தால் கறுப்புப் பட்டியலா?

இந்தப் பயத்தில்தான் இரண்டாவது முறை வாயைத் திறக்கவில்லை என்கிறீர்கள். காரணம் கேட்பதும் முறையாகப் புகார் கொடுப்பதும் உங்கள் உரிமை. அதற்காகத் தடை விதிக்க விதியில் இடமில்லை.

ஒப்பந்தம் யாருக்குப் போகப் போகிறது என்று ஒரு அறிவிப்பு வரும். அது வந்ததும் 3 வேலை நாளுக்குள் விளக்கக் கூட்டம் வேண்டும் என்று எழுதினால், 5 வேலை நாளுக்குள் அவர்கள் விளக்க வேண்டும். பொதுவாக 10 வேலை நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் காத்திருப்பார்கள், முடிவை எதிர்த்துப் புகார் தருவதும் அதற்குள்தான். உங்களுக்கு அந்த அறிவிப்பு வந்து இரண்டு மாதமாகிவிட்டது. இப்போது கேட்டு அந்த முடிவை நிறுத்த முடியாது. ஆனாலும் எழுதிக் கேளுங்கள், எந்த இடத்தில் மதிப்பெண் போனது என்று தெரிந்தால் இந்த முறைக்கு உதவும். கடமை இல்லை என்று மறுத்தாலும் உங்களுக்கு ஒரு அஞ்சல் செலவுதான்.

இந்த 38 நாளில்

முதல் வாரத்துக்குள் தகுதி நிபந்தனையை ஒப்பிட்டு முடித்து, போடுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். இடத்தைப் பார்ப்பதும் விளக்கம் கேட்பதும் அதே வாரம். அனுபவக் கடிதம் கேட்டு எழுதுவதும் அப்போதே. அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் நகர எத்தனை நாளாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிதி நிபந்தனையில், கையில் இருக்கும் மற்ற வேலைகளுக்கு வேண்டிய பணம் போக மீதி எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். அந்த 85 சதவீத வேலையும் அந்தப் பட்டியலில் வரும். குறைந்தால் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியிடம் கடன் வரம்புக் கடிதம் வாங்க வேண்டும்.

உத்தரவாதத்துக்கு வங்கிக்குப் போகும்போது டெண்டர் ஆவணத்தில் இருக்கும் மாதிரிப் படிவத்தையே கையில் கொண்டு போங்கள். காலாவதித் தேதியை வங்கி ஊழியரிடம் விடாமல், நாட்காட்டியை வைத்து நீங்களே எண்ணுங்கள். சமர்ப்பிப்பதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். 11 நிமிடம் தாமதமாக வந்த ஒரு உறையைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்தவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தடுத்த வாய்ப்புகளுக்கு, டெண்டர் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் கொள்முதல் திட்டம் ஒன்றை வெளியிடுகிறார்கள். முதலில் வெளியிடுவதே குறைந்தது முதல் 18 மாதத்தில் என்னென்ன வாங்கப் போகிறார்கள் என்று சொல்லிவிடும்.

கடைசியாக, தம்பி விஷயம். மூன்றாம் பகுதியின் அந்த அடிக்குறிப்பு இருக்கும் பக்கத்தை நகல் எடுத்து அவர் மேஜையில் வையுங்கள். கடிதம் வாங்கும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். அந்த சப்-கான்ட்ராக்ட் வேலையைத் தளத்தில் நின்று பார்த்துக்கொள்வது அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.